நான் சரிசெய்த மூன்று விசில்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதக் கடைசியில், திருவண்ணாமலை வேங்கிக்காலில் உள்ள என் கிரில் பட்டறையில் இது நடந்தது. எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். படித்துவிட்டு யாராவது என்னைத் திட்டினால் திட்டட்டும். திட்டு வாங்க வேண்டிய வேலையைத்தான் செய்தேன்.

கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி. இதுதான் என் தொழில். இருபத்தெட்டு வருடமாகச் செய்கிறேன். இந்தப் பக்கம் புது வீடுகள் வந்துகொண்டே இருப்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. எனக்குக் கோபம் ஜாஸ்தி. அது தெருவுக்கே தெரியும். வர வர இந்த ஊரில் எவனும் வாயைத் திறந்து பேசுவதில்லை, எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்பதுதான் என் கோபத்தில் பாதி. ஒன்பது வருடம் என்னிடம் வேலை செய்த வெல்டரை அதற்காகவே அனுப்பினேன். கூப்பிட்டால் பதில் சொல்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ முனகினான். முதலாளி கூப்பிட்டால் பதில் வர வேண்டாமா? நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டேன்.

அப்படிப்பட்ட என் பட்டறைக்கு ஒரு நாள் ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பித்தளைக் குழாய், சுட்டுவிரல் கனம். இதைக் கோணாமல் நேராக வெட்டித் தர முடியுமா என்று கேட்டாள்.

எதற்கு என்றேன். டின் விசில் செய்ய என்றாள்.

"இன்னாமா, தீபத்துக்கு ரோட்டுல விக்கிற ஊதலா?"

"அதுக்குத் தூரத்து சொந்தம்ணா" என்று சிரித்தாள்.

பையில் இருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஆதியில் தகரத்தில் செய்ததால் அந்தப் பெயராம், இப்போது பித்தளையிலும் செய்கிறார்களாம். புல்லாங்குழல் மாதிரி குறுக்கே பிடிக்காமல், நாதஸ்வரம் மாதிரி நேராகப் பிடித்து ஊதுவது. மேலே ஆறு துளை. வாய்க்குக் கொஞ்சம் கீழே சின்ன ஜன்னல் மாதிரி ஒரு வெட்டு. அந்த ஜன்னலின் கீழ் விளிம்பு கத்தி முனை போல இருக்கும். நாம் ஊதுகிற காற்று அந்த விளிம்பில் போய் அடித்தால் சத்தம். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதானா என்று நான் அலட்சியமாகத்தான் வாங்கிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்ததும் வாயை மூடிக்கொண்டேன். இரும்பிலேயே கிடக்கிறவன் நான், கை வேலை எது மிஷின் வேலை எது என்று தெரியும். அந்த விளிம்பு முழுக்கக் கையால் தேய்த்தது. எங்கும் ஒரு கீறல் இல்லை, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கவில்லை. அளவு பார்க்கிற என் வெர்னியரை வைத்துப் பார்த்தேன். என் கருவிக்கு அதில் குறை கண்டுபிடிக்கத் துப்பில்லை.

செங்கம் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம் அவளுடையது. இன்ஜினியரிங் படித்து, சென்னையில் கம்பெனி வேலை பார்த்தவள். அவள் அம்மா ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் சமையல். அங்கே தங்கிய யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன விசிலை லீவில் வந்தபோது எடுத்து ஊதியிருக்கிறாள். பிறகு பிரித்துப் பார்த்திருக்கிறாள். பிறகு வேலையை விட்டுவிட்டாள். இப்போது அதே பகுதியில் சின்ன வீடு எடுத்து இதையே தொழிலாகச் செய்கிறாள். எங்கெங்கோ நாடுகளிலிருந்து ஆர்டர் வருகிறதாம். ஒரு விசிலுக்கு ஒன்றரை வருடம் காத்திருக்கிறார்களாம்.

நம்பவில்லை. ஒரு நாள் அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். வாய்ப் பக்கம் அடைக்கிற மரத்துண்டை இழைப்பாள், மாட்டுவாள், ஊதுவாள், கழற்றுவாள், மறுபடி இழைப்பாள். நான் இருந்த இரண்டு மணி நேரமும் அதே மரத்துண்டு. மூலையில் ஒரு பெட்டி நிறைய வேண்டாம் என்று தள்ளிய விசில்கள். ஒன்றை எடுத்து இதில் என்ன குறை என்றேன். "மூச்சு சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா கேக்குதுண்ணா" என்றாள். அதற்காக நாலு நாள் வேலையைத் தூக்கிப் போடுவாளா ஒருத்தி? எனக்குக் கோபமும் வந்தது, மரியாதையும் வந்தது.

பெரிய விசில் ஒன்றை ஊதிக் காட்டினாள். முழங்கைக்கு மேல் நீளம் அது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. நான் பாட்டுக் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அன்று எழுந்து வர மனசில்லை. அதிலிருந்து அவள் குழாய்களை நான்தான் வெட்டிக் கொடுத்தேன், துளையும் போட்டுக் கொடுத்தேன். வாரம் ஒரு தடவை வருவாள். பெரிய விசில்களில் அவளை அடிக்க ஆள் இல்லை, சின்ன விசில்களில்தான் கை இன்னும் வரவில்லை என்று மனசுக்குள் ஒரு முடிவு வைத்திருந்தேன். சின்னது ஊதும்போது மேல் சத்தங்கள் செத்துப்போவது போல எனக்குத் தோன்றும். பாவம், கற்றுக்கொள்வாள் என்று சொல்லாமல் விட்டேன்.

அந்த ஐப்பசியில் அவளுக்கு ஒரு பெரிய வேலை. ஒரே ஆளுக்கு ஆறு விசில்கள், மூன்று பெரியது, மூன்று சின்னது. ஊதுகிறவர் வெளிநாட்டுக்காரர், இதற்காகவே இங்கே வந்து தங்கியிருந்தார். திங்கட்கிழமை ஊருக்குப் புறப்படுகிறார். ஊரில் ஒரு கச்சேரியில் ஆறையும் ஊதப்போகிறாராம். அவர் கையில் இவள் விசில் நன்றாகப் பேசினால், அதற்கப்புறம் இவள் யாரிடமும் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவளே அப்படித்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை ஊரில் அவள் சித்தப்பா இறந்துவிட்டார். ஆறையும் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். "ஞாயித்துக்கிழமை வந்துடுவேண்ணா. தொளைல உள்பக்கம் பிசிரு மட்டும் எடுத்துட்டு, வெளியே பாலிஷ் போட்டு வெச்சிடுங்க. வாய்ப்பக்கம் மட்டும் கை வெக்காதீங்க. அது முடிஞ்சிட்ச்சு" என்றாள். சரி போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தெளிவாகத்தான் சொன்னாள். தெளிவாகத்தான் கேட்டது.

சனிக்கிழமை மாதாந்திரக் கரண்ட் கட். பட்டறையில் மிஷின் எதுவும் ஓடவில்லை. நான் விசில்களை உட்கார்ந்து பாலிஷ் போட்டேன். முடிந்ததும் ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. துளைகளை மூடித் திறந்து கீழிருந்து மேலே போவேன், அவ்வளவுதான். பெரியது மூன்றும் பொன் மாதிரி. சின்னதை எடுத்தேன். கீழே நன்றாக இருந்தது. மேலே போகப் போக வெறும் காற்று. அடுத்தது அதைவிட மோசம். ஆகச் சின்னதில் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை. ஊமை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவு வீட்டு அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை அந்த ஆள் முன்னால் அவமானப்படப் போகிறாள். போன் போடலாம் என்றால் சாவு வீடு. அதுவும் இல்லாமல் போனில் அவள் பேசுவது எனக்குச் சரியாக விளங்குவதே இல்லை. இரும்பில் இருபத்தெட்டு வருடம் இருந்தவனுக்கு ஒரு விளிம்பைச் சரிசெய்யத் தெரியாதா?

ஊசி அரத்தை எடுத்தேன். இரண்டு இழுப்பு, ஊதிப் பார். இன்னும் இரண்டு இழுப்பு, ஊதிப் பார். உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள்.

"இன்னாத்துக்குங்க அதைப் போய் ராவுறீங்க? நல்லாத்தானே ஊதுச்சு?"

"உனக்கு இன்னாடி தெரியும்? போய் உலையைப் பாரு."

போய்விட்டாள். என்னிடம் யாரும் இரண்டாவது தடவை சொல்ல மாட்டார்கள். மூன்றையும் தேய்த்தேன். ஜன்னலையும் கொஞ்சம் பெரிதாக்கினேன். மேலே சத்தம் வரவில்லை. ஆனால் கீழ்ச் சத்தம் பலமாக வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. முன்பு இருந்ததற்கு இது தேவலை என்று மறுபடி பாலிஷ் போட்டுத் துணியில் சுற்றி வைத்தேன். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்தாள். ஊரிலிருந்து நேராக வருகிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. துணியைப் பிரித்தாள். பெரியது மூன்றையும் ஊதினாள், முகம் தெளிந்தது. பாலிஷைத் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். நான்காவதை எடுத்து ஊதினாள். பாதியில் நிறுத்தினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்த விளிம்பைப் பார்த்தாள். ஐந்தாவது. ஆறாவது. அதை ஊதவே இல்லை, பார்த்ததோடு சரி.

"யாருண்ணா தொட்டது?"

"நான்தாமா. மூணும் ஊமையா கீது. நீ அவசரத்துல பாக்கல. நான் சரி பண்ணி வெச்சேன்."

அடுக்கி வைத்திருந்த ஆங்கிள் கம்பிகள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "மூணும் போச்சுண்ணா" என்றாள். அழவில்லை. சித்தப்பாவைப் புதைத்துவிட்டு வந்தவள், அதே முகத்தோடு இதையும் பார்த்தாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்காக ஒரு நாள் பூரா உட்கார்ந்து வேலை செய்தேன், ஊமை விசிலை வெள்ளைக்காரனிடம் கொடுத்து அசிங்கப்பட இருந்தாய், நன்றி இல்லையா என்று கத்தினேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"கத்தி முடிச்சிட்டீங்களாண்ணா? முடிச்சிட்டு சொல்லுங்க. ஊமைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ஊதித்தான் கண்டுபிடித்தேன், வேறு எப்படி என்றேன். தன் தோள் பையிலிருந்து அவள் எப்போதும் வைத்திருக்கிற சின்ன விசிலை எடுத்தாள். அதை ஊதினாள். இது எப்படி என்று கேட்டாள். அதுவும் அப்படித்தான், மேலே வெறும் காற்றுதான், உனக்குச் சின்ன விசில் கை வரவில்லை என்று மூஞ்சிக்கு நேராகவே சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை மாறியது. இத்தனை நேரம் இருந்த கோபம் அதில் இல்லை. அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது.

"அண்ணி, கொஞ்சம் வாங்க" என்று என் மனைவியைக் கூப்பிட்டாள். அவளை எனக்கு எதிரில் நிற்க வைத்தாள். இவள் என் முதுகுப் பக்கம் போனாள். "அண்ணா, திரும்பாதீங்க. சத்தம் கேக்குறப்ப எல்லாம் கையைத் தூக்குங்க."

இது என்ன விளையாட்டு என்றுதான் நின்றேன். முதல் சத்தம் கேட்டது, கையைத் தூக்கினேன். இரண்டாவது, தூக்கினேன். மூன்று, நான்கு. ஐந்தாவது மெலிதாக வந்தது, அதற்கும் தூக்கினேன். பிறகு நின்றுவிட்டது. சரி, முடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது என் மனைவியின் முகம் சுருங்கியது. கண்ணை இறுக்கினாள். தோள் இரண்டும் மேலே ஏறின. கொஞ்சம் விட்டது, மறுபடி ஏறின. வண்டிக்கடியில் படுத்திருந்த தெரு நாய் எழுந்து என் முதுகுப் பக்கம் பார்த்துக் காதை விறைத்தது. எதிர்க்கடைக்காரர் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார். எனக்கு ஒரு சத்தமும் இல்லை. என் மனைவி கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள். தூக்காமல் தொங்கிக்கொண்டிருந்த கையை.

"ஊதுறாளா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு தடவை இரண்டாவது மாடியில் பால்கனிக் கம்பி மேல் கை ஊன்றி நின்றபோது அது சுவரோடு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. கீழே விழவில்லை, ஆனால் அந்த ஒரு நொடி உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதே நொடி இங்கே தரையில் நிற்கும்போது வந்தது. நான் விழவும் இல்லை, அந்த நொடி முடியவும் இல்லை.

திரும்பினேன். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள் நின்றாள். "விசில் நல்லாத்தாண்ணா இருந்துச்சு" என்றாள். ரொம்ப மெதுவாகச் சொன்னாள். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். எத்தனையோ வருடமாக எல்லார் உதட்டையும் பார்த்துத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, இதே போலக் கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் நேராக வந்து, பிறகு படிக்கட்டில் விழுகிற மாதிரி விழுந்தது அந்தக் கோடு. கட்டிங் மிஷின் சத்தம்தான் காரணம், போனது திரும்ப வராது என்றார் டாக்டர். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்தவர்களை நான் கிண்டல் செய்திருக்கிறேன். அந்த விசில்காரப் பெண்கூட மிஷின் பக்கம் வரும்போது காதுக்கு ஏதோ மாட்டிக்கொள்வாள். பெரிய விமானம் ஓட்டப் போகிறாயா என்று கேட்டிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய அடி ஒன்று இருந்தது. நான் விரட்டிய வெல்டர் தண்டராம்பட்டு ரோட்டில் வேறொரு பட்டறையில் இருந்தான். தேடிப் போனேன். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை.

"அது எங்களுக்குத் தெரியுமே, மொதலாளி."

எப்போதிலிருந்து என்றேன்.

"நாலஞ்சு வருசமாவே தெரியும். கூப்ட்டதுக்கு பதில் சொல்வேன், உங்களுக்குக் கேக்காது. கத்தி சொன்னா, எவன்கிட்டடா கொரலை ஒசத்தறன்னு அடிக்க வருவீங்க. உங்களுக்குக் காது கேக்கலன்னு உங்ககிட்ட எவன் சொல்வான்? சொல்லிட்டு உயிரோட வீட்டுக்குப் போக வேணாமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு ஒவ்வொருவராக விசாரித்தேன். தெருவில் எதிர்க்கடைக்காரருக்குத் தெரியும். மருந்துக் கடையில் தெரியும். என் மனைவிக்குத் தெரியும். டாக்டரிடம் போகலாம் என்று அவள் இரண்டு தடவை ஆரம்பித்தாளாம், இரண்டு தடவையும் நான் தட்டை வீசினேனாம். தட்டு வீசியது ஞாபகம் இருக்கிறது. எதற்கு என்பது ஞாபகம் இல்லை. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டது வேறு யாரும் இல்லை, என் கோபம்தான். வெல்டரைத் திரும்ப வரச் சொன்னேன். வரமாட்டேன் என்றான், இங்கே நிம்மதியாக இருக்கிறேன் என்றான். அதற்கு நான் கோபப்பட முடியாது.

அந்த வெளிநாட்டுக்காரரிடம் விசில்காரப் பெண் உண்மையைச் சொன்னாள். அவர் மூன்று விசில்களோடு ஊருக்குப் போனார். கச்சேரியில் சின்ன விசில் பாட்டுகளை விட்டுவிட்டாராம். அவள் பல வருடமாகக் காத்திருந்த ஒரு நாள், என் அரத்தால் பாதியாகப் போனது. நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லாததற்கு நான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். இரண்டு மாதம் இந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் குழாய்களோடு வந்து இறங்கினாள். "வெட்டி மட்டும் குடுங்கண்ணா. மத்தது என் வேலை" என்றாள். வெட்டிக் கொடுத்தேன். மூன்றையும் புதிதாகச் செய்து அவருக்கு அனுப்ப அவளுக்கு ஆறு மாதம் ஆனது.

அனுப்புவதற்கு முன்னால் அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். நான் காது மிஷின் வாங்கியிருந்தேன். ஆகச் சின்னதை ஊதினாள். கேட்டது. ஆனால் அது தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பொய் சொல்ல வராது, அப்படியே சொன்னேன். அது மிஷின் கொடுக்கிற சத்தம், விசில் சத்தம் அப்படி இருக்காது என்றாள். நல்ல விசிலின் மேல் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். சொல்லத் தெரியாமல் மறுபடி ஊதினாள், அன்று என்னைச் சோதிக்க அழுத்தி ஊதியது போல இல்லாமல், பாட்டாக. மிஷினைக் கழற்றிவிட்டு, வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தேன். இந்தத் தடவை அவள் கண்ணை இறுக்கவில்லை. கையில் இருந்த முறத்தை ஆட்ட மறந்து நின்றாள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது.

கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் எதிரில் நிற்பவர் முகத்தை ஒரு நிமிடம் நன்றாகப் பார்க்கிறேன், எனக்குக் கேட்காமல் போனது எதுவோ அது அந்த முகத்தில்தான் இருக்கும்.